மூன்றாம் முறை எழுதிய கட்டுரை

கேஃப் நகரத்துப் பள்ளியில், இலக்கியப் பிரிவின் கடைசி வகுப்பில் இப்திஹால் உட்கார்வது இது மூன்றாவது வருடம். பக்கலோரியா என்னும் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தாள். இந்த வருடம் அவளுடைய தங்கை சுஹாவும் அதே வகுப்புக்கு வந்து, அதே பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகருக்கா. சீனியர்னா முழு பெஞ்சும் உனக்கேவா?" என்பாள் சுஹா.

இப்திஹால் நகர்ந்துகொள்வாள். வாய்க்கு வாய் பேசத் தெம்பில்லை. அரபு இலக்கியம் நடத்தும் ஸகியா டீச்சர் எந்த வரியில் கண்ணாடியைக் கழற்றுவார், எங்கே 'இதை அடிக்கோடு போடுங்க' என்பார் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போனால் தங்கைக்கு அதையெல்லாம் விளக்குவதும் அவள்தான்.

குளிர் விட்டுக்கொண்டிருந்த நாட்களில் அந்த இரங்கற்பா வந்தது. பழைய கவிஞர் ஒருவர் இறந்துபோன நண்பனை நினைத்துப் பாடியது. கவிஞர் யாருக்காக அழுகிறார் என்று கட்டுரை எழுதச் சொன்னார் டீச்சர். அதே கேள்வி. புதிதாக யோசிக்க இப்திஹாலுக்கு அலுப்பாக இருந்தது. முதல் வருடம் எழுதியதையே வரி மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்போது இருபதுக்கு ஒன்பது கிடைத்தது. போன வருடமும் அதையேதான் கொடுத்தாள், அதற்கு எட்டு.

மறுவாரம் ஸகியா டீச்சர் ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"செத்தவனுக்காகப் பாடுவதாகக் கவிஞன் சொல்கிறான். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான் அவன் வாய் திறக்கிறான்."

அங்கே அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினேழு" என்று தாளை இப்திஹாலிடம் நீட்டினார்.

சுஹா காதருகே குனிந்தாள். "இது அந்தப் பழைய கட்டுரைதானே? கள்ளி."

இப்திஹாலுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு எழுத வராது என்று நம்பியே இரண்டு வருடம் போயிருந்தது. மணி அடித்ததும் டீச்சரின் மேசை முன் போய் நின்றாள்.

"மேடம், இத மூணு வருஷமா உங்ககிட்டதான் குடுக்கறேன். ஒரு வார்த்தை மாத்தல. முன்னாடி ஒன்பதும் எட்டும் போட்டீங்க."

ஸகியா டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்பல்லாம் உவமை இருக்கா, அணி இருக்கான்னு தேடித் தேடி டிக் போட்டிருப்பேன். கட்டு கட்டாத் தாள் வருதும்மா. இந்த வருஷந்தான் படிச்சேன்."

அந்தக் குளிர்காலத்தில்தான் டீச்சரின் கணவர் இறந்திருந்தார். ஊருக்கே தெரியும்.

"நான் என்ன செய்யட்டும் மேடம்? பரீட்சைல திருத்தறவங்களும் அப்படித்தானே தேடுவாங்க?"

"அப்படித்தான் தேடுவாங்க. அவங்களுக்கு உவமையையும் எழுதிக் குடு. இதையும் எழுது." சற்று நிறுத்தி, "எம்மேல தப்புதான்" என்றார்.

இப்திஹாலுக்கு மன்னிக்கவும் தோன்றவில்லை, சண்டை போடவும் தோன்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் சுஹா, லப்லாபி என்னும் சூடான கொண்டைக்கடலைச் சூப்புக் கிண்ணத்தோடு காத்திருந்தாள். இருவரும் நின்றபடியே ஹரிஸா மிளகாய் விழுதைக் கலந்து சாப்பிட்டார்கள்.

ஜூன் மாதத் தேர்வில் சுஹா முதல் சுற்றிலேயே தேறினாள். இப்திஹால் மறுதேர்வுக்குத் தள்ளப்பட்டாள். தத்துவத் தாள்தான் காலை வாரியிருந்தது. அரபு இலக்கியத்தில் பதினான்கு வாங்கியிருந்தாள். வெயில் கொளுத்தும் நாளில் மீண்டும் போய் எழுதினாள். இரண்டாம் முடிவு கைபேசியில் வந்தபோது மயிரிழையில் தேறியிருந்தாள்.

அம்மா சமையலறையிலிருந்தே குலவையிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"எந்திரிக்கா, எல்லாரும் உன்னப் பாக்கத்தான் வந்திருக்காங்க" என்று சுஹா உலுக்கினாள்.

"இருக்கட்டும். நீயே பேசி அனுப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த இப்திஹால், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள்.