சோற்றில் கை நனைத்த பிரன்ச்

1

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. பள்ளிபாளையத்தில் என் பக்கத்து வீடு. சரிதாவைப் பெண் பார்க்க நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்தவர்களுக்குப் 'பிரன்ச்' பரிமாறப்பட்டது. நானும் பந்தியில் இருந்தேன். இக்கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: 'பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இரு சொற்களை வெட்டி…' (கட்டுரையாகிறது. நிறுத்தினேன்.) ஆயினும் இவ்வளவு தேவை: பிரேக்ஃபாஸ்டின் தலையையும் லஞ்சின் வாலையும் ஒட்டினால் பிரன்ச். பிந்தி எழுவோர்க்கு இரு வேளைக்கும் ஒரே உணவு.

இரண்டாம் தொடக்கம்: 'சரிதா அழகி…' (அடித்துவிட்டேன். கதைக்கு அது வேண்டியதில்லை.)

3

பெண் பார்க்க வந்த வீட்டில் பலகாரம் உண்ணலாம், காப்பி குடிக்கலாம். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். சரிதா இன்னும் சம்மதிக்கவில்லை. எனவேதான் பிரன்சுக்கு அழைத்தாள்: தொலைவிலிருந்து வருவோர் பசியோடு திரும்ப வேண்டா, எவரும் கட்டுப்படவும் வேண்டா. அவள் வேலை பார்க்கும் பெங்களூரில் உண்ட பிரன்சில் சோறு இருந்ததில்லை. அவள் தாய் சின்னாயியோ மதியச் சாப்பாடும் அதில் அடக்கம் என்று கொண்டு, இட்லிக்குப் பின் சோறும் ரசமும் பரிமாறிவிட்டாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சின்னுசாமி ரசத்தை ஊற்றிப் பிசைந்து உண்டார்.

"சோத்துல கை நனைச்சாச்சுங்க. அப்பறமென்ன, தட்டு மாத்திக்கலாமுங்களா?"

"அது டிபனுங்க," என்றாள் சரிதா.

"ரசத்த ஊத்திப் பெசஞ்சு தின்னா எந்தூர்ல சாமி டிபனு?"

பந்தியே சிரித்தது. சரிதா சிரிக்கவில்லை.

"நான் இன்னும் சரின்னு சொல்லலீங்க."

"வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு புள்ள இது!" என்று சின்னாயி பதறினாள்.

மாப்பிள்ளை இளஞ்செழியன் நிமிர்ந்தான்.

"பெரியப்பா, நான் இட்லியோட நிறுத்திட்டேனுங்க. சோறு தின்னது நீங்க. வேணும்னா நீங்களே தட்டு மாத்திக்கோங்க."

(கதையில் இவனை யாரும் நம்புவார்களா என்று மும்முறை ஐயுற்றேன். ஒரு வரைவில் இவனையும் சோறு உண்ண வைத்தேன். கதை கச்சிதமாக முடிந்தது, சரிதா தோற்றாள். அவ்வரைவைக் கிழித்தேன்.)

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் தலையசைத்து… மற்றொன்றில் பெங்களூர்ப் பேருந்தில் ஏறி… இரண்டையும் விட்டுவிட்டேன். வாசகர் வேண்டியவாறு முடித்துக்கொள்ளலாம். அதைச் சரிதாவிடம் காட்ட வேண்டா.

அன்று முடிவானது இவ்வளவே. தட்டு மாற்றவில்லை. உண்டது சோறுதான் என்பதைச் சரிதா ஒப்புக்கொண்டாள். அது தன் சம்மதம் ஆகாது என்பதைச் சின்னுசாமி ஒப்புக்கொண்டார். விடையை அவளே, அடுத்த ஞாயிறு, இளஞ்செழியனிடம் நேரில் சொல்வாள்.