வால் நறுக்கிய தலைப்பு

மூடப்போகும் இணைய இதழ் ஒன்றின் பக்கங்களைக் காப்பகத்துக்காகச் சேமிக்கும் வேலை அக்காவிடம் வந்தது. அந்த இதழில் பாதி அவள் தங்கை எழுதியது. இதுவும் தன் தலையில்தானா விடிய வேண்டும் என்று நொந்துகொண்டாள்.

சேமித்தால் பக்கத்தின் தலைப்பே கோப்பின் பெயராகிவிடும். தங்கையின் தலைப்புகளோ ஒரே மூச்சில் படித்து முடியாதவை. ‘பெயர் மிக நீளம்’ என்று கணினி மறுத்தது.

“உங்க தங்கச்சி தலைப்பு வைக்கிறாங்களா, ரயில் விடுறாங்களா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“சின்ன வயசுலேயே அப்படித்தான் சார். தண்ணி கேக்கவே முன்னுரை சொல்லுவா.”

“அப்போ கடைசிப் பெட்டியக் கழட்டி விடுங்க.”

கடைசிப் பெட்டியில்தான் எழுதியவர் பெயர் இருந்தது. நடுவில் நறுக்கினால் பெயர் தப்பும். அது அவளுக்குத் தெரியும். வாலைத்தான் நறுக்கினாள். ஒவ்வொரு கோப்பிலும் தங்கை உதிர்ந்து விழுவதைப் பார்க்க இதமாக இருந்தது. அந்த இதத்துக்குப் பொறாமை என்று பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை. ஒழுங்கு என்று வைத்துக்கொண்டாள்.

‘இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை அழித்து இதை வைக்கவா?’ என்று கணினி கேட்டது.

எது எது என்று பார்க்க இரண்டு பக்கங்களையும் திறந்தாள். ‘மழைக்குப் பயந்து துணி எடுக்க மாடிக்குப் போனவள் கீழே இறங்க மறுத்த கதை’ என்று இரண்டும் தொடங்கின. வால்தான் வேறு. ஒன்றில் ‘அக்கா சொன்னபடி’. மற்றதில் ‘நான் மாற்றியபடி’.

துணி மடித்துக்கொண்டே தங்கையிடம் அவள் என்றோ கட்டிவிட்ட கதை. சொன்னதையே மறந்திருந்தாள். தன் பங்கையும் சேர்த்தல்லவா நறுக்கியிருக்கிறாள்!

இரண்டையும் படித்தாள். தங்கை மாற்றியதுதான் நன்றாக இருந்தது. திருடியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அக்காவுடையது என்று சொல்லிவிட்டே எடுத்து, எடுத்ததை உயர்த்தியும் வைத்திருக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

எல்லாப் பெயர்களையும், இம்முறை நடுவில் நறுக்கி, மறுபடி திருத்த உட்கார்ந்தாள். தான் சொன்ன வடிவத்துக்கு மட்டும் முன்பாதியை வெட்டி, ‘அக்கா சொன்னபடி, மாடிக்குப் போனவள்’ என்று அடித்தாள்.

எட்டிப் பார்த்தவர், “இடம் இருக்கே, எழுதினவங்க பேரையும் போட்டுடலாமே” என்றார்.

“இருக்கு சார். அதான் கஷ்டம்.”

பெயரின் வாலில் ஒரு காற்புள்ளி வைத்தாள். பிறகு தங்கையின் பெயரைப் போட்டாள், அக்கா என்ற சொல்லுக்குப் பின்னால்.