நூற்றுக்கு ஐந்து

அதிகாரி என்று யார் படியேறி வந்தாலும் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வேண்டும் என்பது டெய்லரம்மா பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். தம்பிக்குச் சக்கர நாற்காலி கேட்டு மனுக் கொடுக்கப் போனபோது, "எப்படியோ சமாளிக்கிறோம் சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சமாளிக்கிறவர்களுக்கு நாற்காலி எதற்கு என்று எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். ஒன்பதாம் மாதம் அதே கவுன்ட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரே வாரத்தில் நாற்காலி வீட்டுக்கு வந்தது. அப்படித்தான் அவளைப் பழக்கி வைத்திருந்தார்கள்.

அதனால் மருந்து ஆய்வுக்காக ஒரு பெண் வரப்போகிறாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், அன்றைக்குத் தம்பிக்குச் சவரம் செய்யவில்லை. துவைத்த விரிப்பை உருவிவிட்டுக் கிழிசலை விரித்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள். அவன் படுத்தபடியே கண்ணால் அவள் பின்னாலேயே வந்தான். 'எல்லாம் நடிப்புடா, கண்டுக்காதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தி பூராவும் வரப்போகிறவள் மேல் இருந்ததில் அது தோன்றவில்லை.

தம்பியைத் தெருவே ரேடியோ என்றுதான் கூப்பிடும். பஸ் கண்டக்டராக இருந்தவன். ஏறுகிறவரிடம் ஒன்று, இறங்குகிறவரிடம் ஒன்று என்று நாள் முழுக்க ஓயாத வாய். நரம்பைத் தின்கிற நோய் முதலில் கையைப் பிடித்தது, பிறகு காலை, போன வருஷம் நாக்கை. மிச்சம் இருப்பது கண்ணும், மூக்கு வழியாக வருகிற ஒரு சிரிப்பும்தான். நோயை நிறுத்த மருந்து கிடையாது. மெதுவாக்க ஒன்று வந்திருக்கிறது. அவனையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு ஆறு மாதம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதமும் ரேடியோவின் மூச்சு இறங்கவே இல்லை. இனி அரசாங்கமே வாங்கித் தருமா என்று ஒரு குழு கணக்குப் போட்டு முடிவு செய்யப் போகிறது. தராவிட்டால், ஆயுசுக்கும் தையல் மெஷினை மிதித்தாலும் அவளால் ஒரு வருஷ மருந்தை வாங்க முடியாது. மருந்து நின்றால் தம்பியின் உயிரும் நின்றுவிடும்.

வந்தவள் சின்னப் பெண். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்தாள்.

"நோயாளியால முடியும்னா அவர்கிட்டதான் கேக்கணும். நாம பேசறது அவருக்குப் புரியுமா?"

"எங்க மேடம்? ஒண்ணும் புரியாது. கட்டை மாதிரி கெடக்கான்."

நடக்க முடியுமா, தானே குளிக்க முடியுமா, வலி உண்டா, மனச்சோர்வு உண்டா என்று அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றிலும் ரொம்ப மோசம் என்கிற கடைசிக் கட்டத்தில்தான் டிக் விழுந்தது. பிறகு ஓர் அட்டையை எடுத்தாள். அதில் அளவுகோல் போல நெட்டாக ஒரு கோடு.

"மேல நூறு. இதைவிட நல்லா இருக்க முடியாதுன்னு அர்த்தம். கீழ சைபர். அது சாவுக்குச் சமம். இன்னிக்கு உங்க தம்பி எங்க இருக்கார்?"

சைபர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அஞ்சு" என்றாள். அதுவும் போதாதோ என்று பயமாக இருந்தது. "இப்படிக் கெடக்கறதுக்கு அவன் போய்ச் சேந்திருக்கலாம் மேடம். அவனுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை." நடிக்கத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கண்ணீர் நிஜமாகவே கொட்டியது.

அந்தப் பெண் ஐந்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"இனிமே மருந்து கெடச்சிரும்ல மேடம்?"

அந்தப் பெண் பையை மூடப்போனவள் நிறுத்தினாள். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அக்கா, நான் இதைச் சொல்லக்கூடாது. இந்த மருந்து நோயைக் குணமாக்காது. சுமாரா ரெண்டு வருஷம் கூட வாழ வைக்கும். அந்த ரெண்டு வருஷம் எவ்ளோ நல்ல வருஷம்னுதான் குழு பாக்கும். நீங்க நூத்துக்கு அஞ்சுன்னு சொல்லிட்டீங்க. அப்போ ரெண்டு வருஷம், அவங்க கணக்குல, அஞ்சு வாரத்துக்குச் சமம். அஞ்சு வாரத்துக்கா இவ்ளோ விலைன்னு கேப்பாங்க."

டெய்லரம்மா அந்தப் பையை மூடவிடாமல் பிடித்துக்கொண்டாள். கஷ்டத்தைக் காட்டினால் கொடுப்பார்கள் என்றுதானே இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள்? சந்தோஷமாக இருப்பவனுக்குத்தான் மருந்து என்று யார் கண்டது?

"பொய் மேடம்! அத்தனையும் பொய். அவன் நல்லா இருக்கான். டிவியில வில்லன் வழுக்கி விழுந்தா சிரிக்கறான். எந்த ஜாக்கெட்டுக்கு எந்த நூல்னு அவன்தான் கண்ணால காட்டுவான். நேத்து நான் ஒரு பேன்ட்டோட ரெண்டு காலையும் சேத்துத் தெச்சிட்டேன், அரை மணி நேரம் சிரிச்சான். அஞ்சை அடிச்சிட்டு எண்பதுன்னு போடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"கையெழுத்தாயிருச்சுக்கா. அடிச்சு எழுத முடியாது." அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள். "ஆனா அவருக்குப் புரியுது, இல்ல? அவரே பதில் சொன்னா அதுதான் செல்லும். உங்க பாரத்தைத் தள்ளிட்டுப் புதுசா எழுதிடலாம்."

"சொல்வான் மேடம். கண்ணை இறுக்கி மூடித் திறந்தா ஆமான்னு அர்த்தம்."

"நீங்க நம்பரை மட்டும் படிங்க. வேற ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

டெய்லரம்மா அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அவன் அட்டையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"நூறு" என்றாள். அசையவில்லை. சரி, நூறு யார்தான் சொல்வார்கள். "தொண்ணூறு." "எண்பது." எண்பதில் நெடுநேரம் நின்றாள். அந்தப் பெண் மெல்லக் கனைத்தாள். எழுபது போயிற்று, அறுபது போயிற்று. மூடிவிடக்கூடாதே என்று அவன் பிடிவாதமாக விழித்திருந்ததில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஐம்பதில் அவளையறியாமல் தலையை ஆட்டிக் கெஞ்சினாள். நாற்பது. முப்பது. இருபது. பத்து.

அதற்குக் கீழே சைபர்தான். அதைப் படிக்க அவளால் முடியாது. ஒரு நொடி தள்ளிப்போடலாம் என்று, "அஞ்சு" என்றாள்.

ரேடியோ கண்ணை இறுக்கி மூடித் திறந்தான்.

"டேய், அது நான் சொன்ன நம்பர்டா! உன் நம்பரைச் சொல்லுடா!" கட்டில் சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள். "விடுதலைன்னு சொன்னேனே, அது சும்மாடா. மருந்துக்காகச் சொன்னேன்டா."

அந்தப் பெண் புதுப் பாரத்தை எடுத்தாள், எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை மேடம். அவனுக்குக் கேள்வி புரியல. இன்னொரே தடவை." அட்டையைத் தூக்கினாள். "நூறு" என்றாள்.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

"மூடிட்டான், பாத்தீங்கல்ல? நூறு! நூறுன்னு எழுதுங்க மேடம்!" பேனா பிடித்திருந்த கையை அவள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.