கட்டினவ

விஜேந்திரனின் வலது தொடையில் கவ்வாத்துக் கத்தி பட்டது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அந்த வெட்டிலிருந்து இரத்தம் வந்தது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. இடையில் அவன் கல்யாணம் முடித்தான், ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனானான், குருவிமலைத் தோட்டத்தின் மேல்மலைக்குக் காவல்காரனானான், பசறைக்கும் பதுளைக்கும் பஸ்ஸில் போய் வந்தான். வெட்டு மட்டும் கத்தி பட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே, சிவந்த வாயைத் திறந்தபடி, ஒரு சொட்டும் விடாமல் இருந்தது.

தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது கவ்வாத்து. அது ஆண்களின் வேலை. வெட்டி விழுந்த மிலாறை விறகுக்குப் பொறுக்க வருவது பெண்கள். மாரிக்கண்ணு மிலாறு பொறுக்க வந்த மாலையில்தான் மழை ஈரத்தில் விஜேந்திரனின் கால் சறுக்கி, கத்தி தொடைக்குள் இறங்கியது. இருவரும் அதற்குமுன் பேசிக்கொண்டவர்கள் இல்லை. அவளுடைய வாய்க்குப் பயந்து கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அவன் கத்தியை உருவினான். வெட்டின் விளிம்பில் இரத்தம் திரண்டு வந்து நின்றது. மாரிக்கண்ணு விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கின் கயிற்றை அவிழ்த்து, வெட்டுக்கு மேலே சுற்றி முடிந்தாள். கொழுந்தெடுக்கும்போது செடிமேல் மட்டம் பார்க்கப் போடும் மட்டக்கம்பை முழங்காலில் வைத்து முறித்து, துண்டைக் கயிற்றுக்குள் செருகி முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே திட்டினாள்.

“ஏய், எங்க போறே? ஒரு சொட்டு வெளிய வந்தே, தெரியும் சேதி! நான் அவுக்குற வரைக்கும் அப்படியே இரு!”

அவனைத்தான் திட்டுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் திட்டியது இரத்தத்தை. அது திரும்பி உள்ளே போயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டராக இருந்தவர் இரகுநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை. கத்தரிக்கோலைப் போட்டார், கத்தரிக்கோலின் வாய் மழுங்கியது. பாதத்தைத் தொட்டால் சூடாக இருந்தது, விரலை ஆட்டச் சொன்னால் ஆட்டினான். “கனக்கக் கட்டுக் கண்டிருக்கிறன், இப்பிடி ஒண்டைக் காணேல்லை” என்றவர், வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “இதைக் கட்டினவை வந்துதான் அவிழ்க்க வேணும்.”

யாழ்ப்பாணத்தில் கட்டினவை என்றால் கட்டிய ஆள், அது யாராக இருந்தாலும் சரி. வாசலில் நின்ற கூட்டத்தின் காதில் அது ‘கட்டினவ’ என்று விழுந்தது. தோட்டத்தில் கட்டினவ என்றால் பெண்டாட்டி. விஜேந்திரனின் தாய் நல்லம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். “எம் மவனுக்கு இன்னும் ஒருத்தியும் கட்டி வைக்கலையே சாமி, கட்டினவளுக்கு நான் எங்க போவேன்?” கூட்டம் மாரிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தது.

பதுளைக்கும் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் சொன்னபடி மாரிக்கண்ணு கம்பை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். இரத்தம் வரவில்லை. துன்ஹிந்தை அருவி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குக் கேட்குமே, அந்த இரைச்சல் அவன் காலுக்குள்ளிருந்து கேட்டது. மேசையில் இருந்த தட்டுகள் நடுங்கின. “கட்டு, கட்டு!” என்று டாக்டரே கத்தினார். முறுக்கினாள். அடங்கியது. அவிழ்த்தால் பிழைக்கமாட்டான், அவள் கட்டியிருக்கும் வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தை மாதம் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. “கட்ட வேண்டியவன் எம் மவன். மொதல்ல கட்டிப்புட்டு நிக்கிறவ இவ. காலம் கெட்டுப்போச்சு” என்று நல்லம்மா பந்தியில் முனகினாள்.

“அப்ப அவுத்துட்டுப் போயிறவா அத்தை?” என்றாள் மணப்பெண்.

“ஐயோ, போயிறாத தாயி. சோறு போடட்டா?”

இரகுநாதன் சும்மா இருக்கவில்லை. கயிறும் கம்பும் செய்த வேலையை ஒரு பட்டியாகத் தைத்துப் போட்டால் ஒவ்வொருவரும் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு மலைக்குப் போகலாமே என்று யோசித்தார். பசறையில் தையல்கடை வைத்திருந்த ஸகீனாவிடம் போனார். கித்தான் துணியில் விரலிரண்டு அகலப் பட்டி, ஓரத்தில் ஒரு பை, பைக்குள் சாண் நீளத்துக் கம்பு. வெட்டுப்பட்டால் இடுப்பிலிருந்து கழற்றிக் காயத்துக்கு மேலே கட்டி, கம்பைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அதற்கு மாரிப்பட்டி என்று பெயர் நிலைத்தது. அந்தப் பட்டிகள் சாதாரணமானவை. இரத்தத்தை நிறுத்தின, ஆஸ்பத்திரியில் அவிழ்ந்தன, காயத்தைத் தைத்தார்கள், ஆள் பிழைத்தான். தோட்டத்துச் சனத்துக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஸகீனா தைத்து முடித்த முதல் பட்டியை மாரிக்கண்ணு கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்குங்க ஐயா. திட்டு மட்டும் இல்ல.” இருந்தாலும் மொனராகலையில் கரும்பு வெட்டுகிறவர்கள் வந்து வாங்கிப் போனார்கள், எல்ல ஊரில் ரயில் பாதை வேலைக்காரர்களும் வாங்கினார்கள். கவ்வாத்துக்காரன் பட்டியில்லாமல் மலையேறினால் பெண்கள் கேலி செய்தார்கள்.

விஜேந்திரனின் தொடையிலிருந்த கயிறு மட்டும் அவளோடு சேர்ந்தே இருந்தது. அவள் கோபித்தால் இறுகியது. பேசாமலிருந்த நாட்களில் அவன் கால் மரத்துப்போய் நொண்டினான், லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவர்கள் சண்டை தெரிந்துபோனது. சமாதானமானால் கயிறு வெதுவெதுப்பாகும். மகள் நிஷாந்தினி பிறந்த அன்று அதிலிருந்து பச்சைக் கொழுந்து வாசம் வந்தது.

நிஷாந்தினி படிப்பில் கெட்டிக்காரியாக இருந்ததுதான் வினையாயிற்று. பதுளையில் நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டுமென்று மாரிக்கண்ணு குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகத் தீர்மானித்தாள். “நீ போனா இது என்னாகும்?” என்று அவன் தொடையைக் காட்டினான். இரகுநாதனிடம் கேட்டார்கள். “கடல் தாண்டி ஒரு முடிச்சுப் பிடிக்குமோ எண்டு நான் படிச்ச புத்தகத்தில இல்லைப் பிள்ளை” என்றார் அவர். அதனால் அவள் முதலில் மொனராகலையில் சின்னம்மா வீட்டுக்குப் போய் ஒரு கிழமை இருந்து பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. பிறகு குவைத்துக்குப் போனாள்.

போன பிறகு கயிறு காய்ந்தது. விஜேந்திரன் காலையில் எழுந்தால் பாயில் மணல் கிடக்கும். சில நாட்களில் கயிற்றில் தரை கழுவும் மருந்தின் நெடி வீசும். அவள் பட்டினி கிடந்தால் நூலாக மெலியும், ஆனால் விடாது. மாதத்துக்கு ஒரு கேசட் அனுப்புவாள். அதில் நல்லா இருக்கேன், நல்லாச் சாப்பிடுறேன் என்றுதான் பேசியிருப்பாள். கேசட் பேசுவதை நிஷாந்தினி நம்பினாள். விஜேந்திரன் தொடையைத்தான் நம்பினான். ஒருமுறை மட்டும் சொன்னாள்: வீட்டுக்காரம்மா தாலியைக் கழற்றச் சொன்னாளாம், முடிச்சு அவிழவில்லையாம். வெட்டப் பார்த்தாளாம், கத்தி மழுங்கிப் போனதாம். “நீ கட்டினதுமா இப்படி? திட்டிக்கிட்டா கட்டினே?” என்று சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் இருமினாள்.

அவன் பதிலுக்கு ஒரு கேசட் பேசி அனுப்பினான். “இந்தா பாரு மாரி. இதப் புடிச்சிக்கிட்டே நீ கரையுறே. அங்கேருந்தே அவுத்துரு. ஒம் ஒடம்பப் பாரு. எனக்கு ஆனது ஆகட்டும்.” அடுத்த மாதம் வந்த கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் வெறும் இரைச்சல். கடைசியில் அவள் குரல்: “கட்டினவ நானு. எப்ப அவுக்கணும்னு எனக்குத் தெரியும். ஓம் வேலயப் பாரு.”

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கவ்வாத்து நடந்த ஒரு பகல். வழக்கமாக மேல்மலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் விஜேந்திரன் அன்று கீழே இறங்கி, கவ்வாத்துக்காரர்களோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். தொடையிலிருந்த கம்பு தானாகத் திரும்பியது. அரைச் சுற்று, பிறகு அரைச் சுற்று. தூங்குகிறவனை எழுப்பாமல் கையை உருவிக்கொள்வது போல. கடைசியில் முடிச்சு பிரிந்தது. கயிறு புல்லில் விழுந்தது. இருபத்துநான்கு வயதுப் பையனின் இரத்தம் முப்பத்தைந்து வயதுக்காரனின் காலிலிருந்து அடுத்த வரிசைச் செடி வரைக்கும் பாய்ந்தது.

அங்கே இருந்த ஒவ்வோர் இடுப்பிலும் ஒரு மாரிப்பட்டி இருந்தது. ஒன்று போதவில்லை, அடுத்ததைக் கட்டினார்கள். நான்காவது பட்டியில் நின்றது. லொறியில் போட்டுப் பதுளைக்கு ஓட்டினார்கள்.

“அவ செத்துட்டா” என்றான் விஜேந்திரன்.

“பேசாத மச்சான். ஒனக்கு மயக்கம்.”

“செத்துட்டா. இல்லாட்டி அவுக்க மாட்டா.”

பதுளையில் இம்முறை இரைச்சல் ஏதும் இல்லை. மற்ற எல்லாக் காயங்களையும் போல அதையும் தைத்தார்கள். ஒரு கிழமை கழித்துச் செய்தி வந்தது. மூன்றாம் மாடி ஜன்னலைத் துடைக்கும்போது மாரிக்கண்ணு விழுந்திருந்தாள். விழுந்தது அதே நாள், ஏறக்குறைய அதே நேரம். விழுந்ததும் போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருக்கிறாள். கால் கிழிந்து இரத்தம் போய்த்தான் உயிர் போயிருக்கிறது. சுற்றி ஆட்கள் நின்றிருக்கிறார்கள். நல்லம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்தூர்ல ஒருத்தர் இடுப்புலயும் ஒரு கயிறு இல்லாமலா போச்சு?” அவன் மேல்மலைக்குத் திரும்பியிருந்தால் பக்கத்தில் ஒரு பட்டிகூட இருந்திருக்காது என்றும், அவள் பார்த்துத்தான் அவிழ்த்திருக்கிறாள் என்றும் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். விஜேந்திரன் அந்தப் பேச்சு நடக்கும் இடங்களில் நிற்பதில்லை.

பெட்டி வர இன்னும் நாளாயிற்று. திறந்தபோது அவள் இடுப்பைச் சுற்றி, பதினொரு வருஷம் கயிறு இறுகிய பள்ளம் இருந்தது. அவன் தொடையிலிருந்ததைப் போலவே. புதைக்குமுன் உடம்பில் ஒரு முடிச்சும் இருக்கக்கூடாது என்பது முறை. பெண்கள் தாலிக்கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்கள், அவிழவில்லை. கத்தரிக்கோல் மழுங்கியது. நல்லம்மா மகனைப் பார்த்தாள். “கட்டினவன் வாடா. வந்து அவுத்துவிடு. அவ போகட்டும்.”

விஜேந்திரன் நொண்டியபடி வந்து பெட்டியருகே குனிந்தான். விரல்களை முடிச்சின்மேல் வைத்தான். பிறகு அவள் காதருகே, கிட்டத்தட்டத் திட்டுவதுபோல் சொன்னான்.

“நான் அவுக்குற வரைக்கும் அப்படியே இரு.”

அப்படியே மூடினார்கள். அன்று குழிமேல் போட்ட செவ்வந்திப் பூ இதுவரை வாடவில்லை. மண்ணும் இறங்கவில்லை, வெட்டிப் போட்ட அன்றைய ஈரம் அப்படியே இருக்கிறது. வறட்சி வந்த வருஷத்திலும் இருந்தது. முதலில் பசறையிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள், இப்போது வருவதில்லை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். “என்ன மாரி, சொகமா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போகிறார்கள். திருநாளுக்கு எல்லாக் குழிக்கும் பூ வாங்குகிறவர்கள் இதற்கு மட்டும் வாங்குவதில்லை. நிஷாந்தினி பதுளையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் தகப்பனிடம் கேட்பாள்: “எப்பப்பா அவுப்பீங்க?”

“அவுக்கலாம், அவுக்கலாம்” என்பான் விஜேந்திரன். “இப்ப என்ன அவசரம்?”