விடுபட்ட நான்கு நாட்கள்

1933ஆம் ஆண்டு ஆவணியில் அரியநாயகம் நெடுந்தீவில் இருபத்துமூன்று நாட்கள் தங்கினார். லண்டனில் உளவியல் படித்துவிட்டுக் கொழும்பில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் எதை, எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரு பூவரச மரத்தடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் உடைந்த முருகைக்கற்களை அடுக்கி, சாணுயர வேலிகள் கட்டி விளையாடினார்கள். சோகிகள், அதாவது கடற்கரையில் பொறுக்கிய சோழிகள், மாடுகள். ஒருவருடைய மாடு மற்றவருடைய வயலுக்குள் புகுந்தால் வழக்கு. பத்து வயது இராசாத்திதான் தீர்ப்புச் சொல்வாள்.

"சாணுக்கு ரண்டு கல்லு. உன்ர மாடு நாலு சாண் மேய்ஞ்சிட்டுது பிலிப்பு. எட்டுக் கல்லை வை."

"அது சினை மாடடி, பாவம்."

"சினை மாட்டுக்கு ரண்டு வாயோ? வையடா!"

பத்தொன்பது நாட்கள் அரியநாயகம் தூரத்தில் உட்கார்ந்து கொப்பியில் குறிப்பு எழுதினார். அவர்களுடன் ஒரு சொல்லும் பேசவில்லை. இருபதாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து படப்பிடிப்பாளர் வந்தார். அவர் அன்று பின்னேரமே வள்ளம் ஏறவேண்டும். பிள்ளைகளோ அன்று விளையாடாமல் சும்மா திரிந்தார்கள். அரியநாயகம் ஆளுக்கொரு ரொபி மிட்டாய் கொடுத்து விளையாடச் சொன்னார். படம் நன்றாக விழுந்தது.

மறுநாள் பிலிப்பு அவர் முன்னால் வந்து நின்றான். "ஐயா, இண்டைக்கும் விளையாடவோ? ஆளுக்கு ரண்டு தந்தால் மாடு நல்லாய் மேயும்."

இராசாத்தி அவனை முறைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் தீவை விட்டுப் புறப்படும்வரை மரத்தடியில் பிறகு எவரும் விளையாடவில்லை.

அவருடைய கட்டுரையில் பத்தொன்பது நாட்கள் இருந்தன, படமும் இருந்தது. ரொபி இல்லை. கடைசி நான்கு நாட்களும் இல்லை. கட்டுரை பெயரெடுத்தது; கல்வித் திணைக்களத்தில் பதவிகள் வந்தன. ஒரு நல்ல விளையாட்டை அழித்துவிட்டோம் என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எப்போதாவது திருத்தி எழுதலாம் என்று இருந்தார். அதற்குள் அவருடைய பெயரில் சுற்றறிக்கை போய்விட்டது: பாடசாலைகளில் வாரம் இருமுறை சோகி விளையாட்டு நடத்தப்படவேண்டும்.

ஓய்வுபெற்ற அடுத்த மாதம், 1948இல், நெடுந்தீவுப் பாடசாலை ஒன்று அவரை அழைத்தது. முற்றத்தில் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆளுக்குப் பத்துச் சோகி. "வழக்கு!" என்றார் தலைமையாசிரியர் தம்பிஐயா. ஒரு சிறுமி எழுந்து, பாடமாக்கி வைத்திருந்த தீர்ப்பை ஒப்புவித்தாள். ஐந்துக்கு நான்கு புள்ளி.

வாசற் படலையடியில் நின்ற பெண் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தாள். "அவள் என்ர மகள் ஐயா. நான் இராசாத்தி. நீங்கள் கொப்பியும் கையுமாய்க் கொக்கு மாதிரி இருந்தனீங்களே!"

பதினைந்து வருடமாக மனதில் கிடந்ததை அவர் அவளிடம் சொன்னார். "அந்த ரொபியால உங்கட விளையாட்டைக் கெடுத்துப்போட்டன் பிள்ளை."

"ஆர் சொன்னது கெட்டதெண்டு? பிலிப்புவை ரண்டு நாள் சேர்க்கேல்லை, அவ்வளவுதான். நாங்கள் கடற்கரைப் பக்கம் போய் விளையாடினனாங்கள். நீங்கள் வராத இடமாய்ப் பாத்து."

பிள்ளைகள் தங்கள் விளையாட்டை அவரிடமிருந்தே காப்பாற்றியிருந்தார்கள். அவர் கண்டுபிடித்திருக்க வேண்டியது அதைத்தான். வேண்டாமென்று விட்ட நாட்களில் அது இருந்திருக்கிறது.

இராசாத்தி முற்றத்தைப் பார்த்தாள். "இதுகள் பாவம். எங்க போய் ஒளிக்கிறது? மகள் வீட்டில சோகியைத் தொடமாட்டாள் ஐயா. அது பள்ளிக்கூடப் பாடமாம்."

தம்பிஐயா அலுவலக அறையில் கதிரை போட்டு, வருகை தருவோர் குறிப்பெழுதும் புத்தகத்தை விரித்தார். "ரண்டு வரி எழுதுங்கோ."

அரியநாயகம் ஒரு பக்கம் எழுதினார். கட்டுரையில் நான்கு நாட்களை மறைத்தேன். இந்தப் பாடத்தை உடனே நிறுத்துங்கள். பிள்ளைகளை அவர்கள் பாட்டில் விடுங்கள்.

தம்பிஐயா அதை இரண்டுதரம் வாசித்தார். "போன வருஷம், பதவியில இருக்கேக்க எழுதியிருந்தியளெண்டால் ஐயா..." என்று இழுத்தார். "இப்ப உங்கட கையெழுத்துக்கு நான் பாடத்தை நிறுத்த ஏலாது. இன்ஸ்பெக்டர் வந்தால் சுற்றறிக்கையைத்தான் கேப்பார். அதிலயும் உங்கட பேர்தான் கிடக்கு."

மை காயட்டும் என்று புத்தகத்தை விரித்தபடியே வைத்துவிட்டு, தம்பிஐயா அடுத்த வகுப்பை முற்றத்துக்குக் கூப்பிடப் போனார்.