கோட்டைத் தாண்டி விழும் அடி

மூணே முக்கால் ரயில் குழித்துறையைத் தாண்டிப் போகிற வரைக்கும் அந்த வீட்டு மாடியில் யாரும் எதையும் பதிவு செய்ய முடியாது. சன்னல் கம்பி அதிர்வது நின்ற பிறகுதான் சுபிதா விரலைத் தூக்கிக் காட்டுவாள். எதிரே மடியில் ரிதம் பேட் என்கிற மின்தாளப் பலகையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஜினோ உடனே தட்டத் தொடங்குவான். அன்றைக்கும் அப்படித்தான். சபையின் அசனப் பண்டிகை வருகிறது, ஆராதனை முடிந்ததும் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அதற்குப் பெண்கள் சங்கம் பாடப்போகிற பாட்டு, நாலு நிமிஷம். தட்டி முடித்ததும் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

"கொள்ளாம் அத்தான். நீங்க போயி ரெண்டு கட்டன் சாயா போடுங்க. நான் ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

அவன் படியிறங்கிப் போனதும் சுபிதா திரையைப் பெரிதாக்கினாள். அவன் தட்டிய ஒவ்வொரு தட்டும் ஒரு பச்சைக் கட்டையாக வரிசையில் கிடந்தது. வலது கை தட்டியதெல்லாம் தாளம் விழவேண்டிய கோட்டின்மேல் அச்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. இடது கை தட்டியவை கோட்டைத் தாண்டி, ஒன்று கொஞ்சம், ஒன்று நிறைய, ஒன்று எங்கேயோ என்று கிடந்தன. மழையில் பைக் சறுக்கி, மணிக்கட்டுக்குள் தகடு வைத்து ரெண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருஷம் பாடகர் குழுவுக்குத் தபலா வாசித்தவன் ஜினோ. இப்போது அந்த இடத்தில் அபினேஷ் உட்காருகிறான். ஜினோ ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது கைகளை மார்போடு கட்டிக்கொள்வான். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்காது.

சும்மா சொல்லக்கூடாது, நேராக்குகிற வேலையில் சுபிதா கெட்டிக்காரி. தாலுகா முழுக்க கேரல் பாட்டு, கல்யாணப் பாட்டு, அய்யாவழிப் பதிகளில் பாடுகிற உகப்படிப்பு என்று எது வந்தாலும் பதிவு செய்து கொடுப்பாள். சுருதி என்றால் என்ன விலை என்று கேட்கிற போதகர்கள் எத்தனையோ பேரைப் பாட வைத்தவள் அவள். அந்தப் பழக்கம்தான் கையை இழுத்தது. எல்லாக் கட்டைகளையும் பிடித்து ஒரே அமுக்கு. அத்தனையும் வரிசையாகப் போய்க் கோட்டில் ஏறி நின்றுகொண்டன, ஸ்கூல் அசெம்பிளி மாதிரி. ஆனாலும் என்ன தோன்றியதோ, பழையதை அழிக்காமல் வேறு பெயரில் எடுத்து வைத்தாள்.

ஜினோ தம்ளர்களோடு வந்தபோது அவள் அதைப் போட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே கேட்டான். பாதியில் தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு இடது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"கை வந்துட்டுட்டி," என்றான். "தட்டும்போ எனக்கு அப்பிடித் தெரியல்ல. என்னமோ இழுக்க மாதிரிதான் இருந்துது. கேட்டா சரியாட்டுல்லா இருக்கு."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் ரெண்டு வருஷத்துக்கப்புறம் அந்த முகம் அப்படி மலர்வதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண்டாட்டிக்கு வாய் வரும்? அவள் கட்டனை எடுத்துக் குடித்தாள். நாக்குச் சுட்டது.

வினை அங்கேதான் பிடித்தது. அவள் கீபோர்டைச் சேர்த்துப் பெண்கள் சங்கத்துக்குப் பாட்டை அனுப்பி வைத்த அன்றைக்கே ஜினோ, சங்கத் தலைவி ராஜபாய்க்குப் போன் போட்டுவிட்டான். பண்டிகையன்று பதிவு செய்த டிராக் வேண்டாமாம். தானே முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறானாம். அவர்களும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டார்கள். சுபிதாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. முழுச் சபையும் பார்க்க, அந்தக் கை பிந்தி வந்து விழப்போகிறது. சின்னப்பிள்ளைகள் சிரிக்கும். பெரியவர்கள் பாவம் என்று பார்ப்பார்கள், அதுதான் இன்னும் மோசம். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று ஆறு நாள் ஓடிப்போயிற்று.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ராஜபாய் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். ரிட்டயர்டு நர்ஸ். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிற ஆள்.

"மக்கா சுபிதா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குப் பாடப் பத்தல்ல கேட்டியா. நாலு நாளா பாடிப் பாக்கோம். வரி முடிஞ்சா மூச்சு விடக்கூட எடமில்ல. நாங்க முடிக்கதுக்குள்ள அது அடுத்த வரிக்குப் போயிருது. பஸ்ஸுக்கு ஓடுத மாதிரி இருக்கு."

ஜினோ சிரித்தான். "அதெப்பிடிக்கா? கடைசி பெஞ்சு முடிக்காம நான் என்னைக்காவது அடுத்த வரிக்குப் போயிருக்கேனா?"

அந்தச் சபையில் அது எழுதப்படாத சட்டம். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் கடைசி பெஞ்சுக் கிழவிகள் பாடி முடிக்கிற வரை முன்வரிசை பிடித்துக்கொண்டு நிற்கும். ஜினோவும் அந்த இடத்தில் இடது கையைக் கண் இமைக்கிற நேரம் பிந்தித்தான் போடுவான். வெளியூர் வாத்தியக்காரர்கள் வந்தால் அங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றாள் ராஜபாய். "இது நீ வாசிச்ச மாதிரியே இல்லியே மக்கா."

ஜினோ சுபிதாவைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தாள். பதினோரு வருஷம் தாளம் போட்டவனுக்கு அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராஜபாயைக் கேட் வரைக்கும் கொண்டுவிட்டு மாடிக்கு வந்தவன், "நான் வாசிச்சதப் போடு," என்றான்.

போட்டாள். அறையில் அது நொண்டி நொண்டிப் போயிற்று. ஒரு இடத்தில் இடது கை வரவேயில்லை. ஜினோ முடிகிற வரைக்கும் அசையாமல் கேட்டான்.

"நான் வாசிச்சது ஒனக்கு நாணக்கேடா இருந்துதா?"

"இல்ல அத்தான். சத்தியமா இல்ல. நீங்க கேட்டா ஒங்களுக்கு வலிக்குமேன்னு நெனச்சேன்."

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்கு? எனக்க கையப் பத்தி எங்கிட்டயில்லா மொதல்ல சொல்லணும். நாளைக்கு நான் அம்புட்டு பேருக்கும் முன்னால போயி இருந்திருப்பேன். நீ பாத்துக்கிட்டு இருந்திருப்பியா?"

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. அவன் சன்னல்பக்கம் போய் நின்றான். கீழே யாரோ ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்து நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மொதல்லேருந்து போடு. நான் சொல்லச் சொல்ல நிறுத்து."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். முதல் வரி முடிவில் அவன் திரையில் விரல் வைத்தான்.

"இதத் தொடாத. இது நான் வேணும்னு பின்னால வெச்சது. கடைசி பெஞ்சுக்கு."

அவள் அதை விட்டாள். அவள் வாசித்த கீபோர்டையும் அதற்காகக் கொஞ்சம் காத்திருக்க வைத்தாள்.

"இது கை," என்றான் அடுத்ததைக் காட்டி. "இழுத்து வை. சவம், இதுவும் கைதான். இதுவும். இது நான். இது... இதுவும் நானாக்கும், பயப்படாத."

அப்படியே போயிற்று. சில கட்டைகளை முழுசாகக் கோட்டில் ஏற்றினாள், சிலதைப் பாதி வழி வரைக்கும். விழாமலே போன அடிக்குப் பக்கத்து வரியிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டவா என்று கேட்டாள். வேண்டாம், காலியாகவே கிடக்கட்டும் என்றான். மூணே முக்கால் ரயில் வந்து சன்னல் கம்பி ஆடியபோது மட்டும் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

"நாளைக்கு?" என்று அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்.

"இத முடிப்போம் மொதல்ல."

கடைசி வரியில், கடைசிக் கட்டை. கோட்டைத் தாண்டி நன்றாகவே தள்ளிக் கிடந்தது. சுபிதா போட்டுக் காட்டினாள். மறுபடியும் போட்டாள்.

"இது எது?"

"தெரியல்ல," என்றான் ஜினோ.

மூன்றாம் தடவை அவள் வரியின் தொடக்கத்திலிருந்தே விட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மேஜை ஓரத்தில் ரெண்டு கையாலும் கூடவே தட்டினான். வரி முடிவுக்கு வந்தது. வலது கை நின்றது. இடது கை மேலே தூக்கியபடி இருந்தது, அப்புறம் இறங்கியது. ஸ்பீக்கரில் அந்த அடியும் மேஜையில் அவன் கையும் ஒன்றாகவே விழுந்தன.

சுபிதா அந்தக் கட்டையைத் தொடாமல் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.