கரட் பெட்டியில் எழுதியிருந்த ஊர்

சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் ஆளுக்கொரு நகரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று ஹெலன் ரீச்சர் சொன்னதும், கெட்டிக்காரர்கள் நல்ல நகரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பாரிஸ் போய்விட்டது. லண்டன் போய்விட்டது. ரோமை ஓர் ஈரானியப் பெண் கேட்டு வாங்கினாள். தவமணியின் முறை வந்தபோது அவளுக்கு நினைவில் வந்தது ஒரே ஒரு பெயர்தான்.

“பேக்கர்ஸ்ஃபீல்ட்,” என்றாள்.

“கலிபோர்னியாவிலா? அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று ரீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“கரட்,” என்றாள் தவமணி.

வகுப்பே சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்காமல் பெயர்ப் பட்டியலில் எழுதிக்கொண்டார். ஆயத்தம் செய்ய நான்கு கிழமை தவணை.

தவமணிக்கு நாற்பத்து மூன்று வயது. ரொறன்ரோவில், மில்லிக்கன் பகுதியில் ஒரு மரக்கறிக் கிடங்கில் கரட் பொதி செய்கிற வேலை. கனடாவுக்கு வந்து ஐந்து வருடமாகியும் ஆங்கிலம் பேசவேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. வேலையிடத்தில் அரைவாசிப்பேர் தமிழர். வங்கி, டொக்டர், வீட்டுக்காரன் என்று எல்லாரோடும் கணவன் அருள்நாயகம் பேசிவிடுவார். அந்த ஐந்து வருடமும் அவள் ஒவ்வொரு நாளும் வாசித்த ஆங்கிலம், பெரிய அட்டைப் பெட்டிகளில் நீல எழுத்தில் அச்சடித்திருந்த ‘பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா’ என்பதுதான். 1995ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அதுவே அவள் வாயில் வந்துவிட்டது.

“உலகத்திலை வேற ஊர் கிடைக்கேல்லையோ உமக்கு?” என்றார் அருள்நாயகம்.

“கிடைச்சதை எடுத்தன். நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ.”

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் அந்த ஊருக்குப் பதினொரு வரி இருந்தது. கடலோரம் இல்லாத ஊர். எண்ணெய்க் கிணறுகள், பருத்தி, திராட்சை, கன்ட்ரி மியூசிக். அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள். வாசித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் நாலு நிமிடத்துக்கு எங்கே போவது?

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சீமோன்தான் வழி சொன்னார். “இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கரட் கொண்டு வாற ட்ரக்குக்காரன் இருக்கிறான் எல்லே, லெஸ்டர்? அவன் அந்த ஊர்க்காரன்தான். வியாழக்கிழமை வருவான். நான் கேட்டுச் சொல்லுறன்.”

வியாழக்கிழமை காலை இடைவேளைக்கு இருவரும் ட்ரக்குகள் வந்து சரக்கு இறக்குகிற இறக்குதுறைக்குப் போனார்கள். லெஸ்டர் ஆறடிக்கு மேல் உயரம். தொப்பி போட்டிருந்தான். அவன் ஊரைப் பற்றி யாராவது கேட்டது அதுதான் முதல்முறை போலிருந்தது, நிறுத்தாமல் பேசினான். சீமோன் தன்னால் முடிந்தவரை மொழிபெயர்த்தார்.

“எண்ணெய் இறைக்கிற மெசின் ஊரெல்லாம் நிக்குதாம். பகலிரவாய்த் தலையை ஆட்டிக்கொண்டே இருக்குமாம். எங்கட கிணத்துத் துலா மாதிரித்தான், ஆனால் மிதிக்க ஆள் தேவையில்லை.”

“தோட்டத்துக்கு நடுவிலையுமோ?”

“ஓம், தோட்டத்துக்கு நடுவிலையும். பிறகு, உவன்ரை தகப்பன் இரும்பு அடிப்பாராம்.”

“பட்டறையிலையோ அண்ணை?”

“இல்லை, மேடையிலை.”

தவமணி அதையும் எழுதிக்கொண்டாள். மேடையில் ஒருவர் ஏன் இரும்பு அடிக்கிறார் என்பது வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த முறை லெஸ்டர் வந்த அன்று சீமோன் முதுகுப்பிடிப்பு என்று வரவில்லை. பேச்சுக்கு இரண்டே நாள் இருந்தது. தவமணி கரட் பெட்டி மூடியொன்றைக் கிழித்து அதில் நான்கு கேள்வி எழுதினாள். இறக்குதுறை வாசலில் போய் நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் யோசித்தாள். அதற்குள் லெஸ்டர் கண்டுவிட்டான்.

“யுவர் ஃபாதர்,” என்று தொடங்கினாள். “வை ஹிட் அயர்ன்?”

லெஸ்டர் முழித்தான். பிறகு விளங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். மடியில் எதையோ கிடத்தி வைத்து, ஓர் இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கிக் காட்டினான். கிற்றார்! மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிற்றார்! தவமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஸ்லோ, பிளீஸ்,” என்றாள். அவன் மெதுவாகச் சொன்னான்.

அவன் தகப்பன் ரோய் ஒக்லஹோமாவில் பிறந்தவர். மழையில்லாமல் வயல்களைப் புழுதி மூடியபோது, ஒன்பது வயதில், மெத்தையும் சட்டியும் கட்டிய லொறியின் பின்பக்கம் உட்கார்ந்து பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வந்தவர். சின்ன வயதில் பருத்தி பறித்தார். வளர்ந்ததும் எண்ணெய்க் கிணற்றில் வேலை. சனிக்கிழமைகளில் நகங்களிலிருந்து எண்ணெயைத் தேய்த்துக் கழுவிவிட்டு நடன மண்டபத்தில் கிற்றார் வாசித்தார். கேட்க வந்தவர்களும் அவரைப்போல லொறியில் வந்து சேர்ந்தவர்கள்தான்.

“பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களாம்,” என்றான் லெஸ்டர்.

தவமணி எழுதுவதை நிறுத்தினாள். “வட் லாங்குவேஜ் ஹி ஸ்பீக்?”

“ஆங்கிலம்.”

“ஒன்லி இங்கிலீஷ்?”

“வேறொன்றும் அவருக்குத் தெரியாது.”

“தென் வை லாஃப்?”

லெஸ்டர் தோளைக் குலுக்கினான். “புதிதாக வந்தவர்கள், அவ்வளவுதான்.”

புறப்படும்போது ட்ரக்கில் கிடந்த ஒரு கசெற்றைக் கொடுத்தான். தகப்பன் வீட்டில் வாசித்துப் பதிந்தது. இடையிடையே நாய் குரைக்கும், பொருட்படுத்த வேண்டாம் என்றான்.

சனிக்கிழமை தவமணி எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்துத்தான் தொடங்கினாள். கிணறு வந்தது, பருத்தி வந்தது. லொறி வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டாள். ரோயின் கதையைத் தன் ஆங்கிலத்தில் சொன்னாள். இறந்தகாலம் வரவேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்தது. சில வினைச்சொற்கள் வரவேயில்லை. ஒருவரும் அசையவில்லை.

“பீப்பிள் லாஃப் ஹிஸ் இங்கிலீஷ்,” என்றாள் கடைசியில். “பட் ஹிஸ் இங்கிலீஷ் இஸ் இங்கிலீஷ்!”

ரோம் எடுத்த ஈரானியப் பெண்தான் முதலில் கைதட்டினாள். பிறகு வகுப்பு முழுவதும் தட்டியது. தவமணி கசெற்றைப் போட்டாள். கிற்றார் இழுத்து இழுத்துப் பாட, நடுவில் நாய் குரைக்க, வியட்நாம்காரர் ஒருவர் எழுந்து ஹெலன் ரீச்சரை ஆடக் கூப்பிட்டார். ரீச்சர் மறுக்கவில்லை. அன்று பாரிஸைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

அடுத்த முறை லெஸ்டர் வந்த அன்று நடந்ததை அவனிடம் சொன்னபோது, “அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்,” என்று நம்பர் எழுதித் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தூர அழைப்புக்கு வாங்கிய கோலிங் காட்டின் இலக்கத்தைச் சுரண்டிக்கொண்டு தவமணி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“தாரும், நான் கதைக்கிறன்,” என்று அருள்நாயகம் கையை நீட்டினார்.

“வேண்டாம். எனக்குத்தான் அவரைத் தெரியும்.”

மறுமுனையில் கரகரத்த குரல் கேட்டது. ரோய் சொற்களை இழுத்து இழுத்துப் பேசினார். அவர் சொன்னதில் பாதிதான் பிடிபட்டது.

“நான் பேசுவது உங்களுக்கு விளங்குகிறதா?” என்று கேட்டார் அவர்.

“ஹாஃப்,” என்றாள் தவமணி. “மை இங்கிலீஷ், யூ அண்டர்ஸ்டாண்ட்?”

“நானும் பாதிதான்.”

இருவரும் சிரித்தார்கள். ரொறன்ரோவில் குளிரா என்று கேட்டார். கரட் நல்லதாக வருகிறதா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று ரிசீவரை எங்கோ வைத்தார். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு கிற்றார் தொடங்கியது. தவமணி ரிசீவரைச் சற்று விலக்கிப் பிடித்தாள். அருள்நாயகம் கிட்ட வந்து காதை வைத்தார்.

“நல்லாய்த்தான் வாசிக்கிறார்,” என்றார் மெல்ல.

தை மாதம் இறக்குதுறையில் சரக்குப் பொறுப்பெடுக்கிற வேலைக்கு ஆள் தேடினார்கள். சாரதிகளோடு பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று சுப்பர்வைசர் சொன்னார். தவமணி கையை உயர்த்தினாள்.